ஓட் என்றால் குதிரை

எஷ்கோபில் அண்ணன் கீழே விழுந்தபோது அவருடைய இடது கை ஒரு செம்மறிக் கிடாவின் முதுகில் இருந்தது. வலது கையில் விற்கிறவனின் கை. எங்கள் சிராக்சிச் சந்தையில் தரகர்கள் விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் பிடித்துச் சேர்த்து, தோள்பட்டை கழன்றுவிடும்போல மேலும் கீழும் குலுக்கிக்கொண்டேதான் பேரம் பேசுவார்கள். முடிகிறவரை விட மாட்டார்கள். அண்ணன் அதில் பெயர் போனவர். வாங்குகிறவன் முரண்டு பிடித்தால் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பார், நெஞ்சில் குத்திக்கொள்வார், "உன் பிடிவாதத்துல நான் செத்தேன் போ" என்று ஆட்டுக்குப் பக்கத்திலேயே மல்லாந்து படுத்துவிடுவார்.

அதனால் அன்றைக்கு அவர் விழுந்ததும் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய கூட்டாளி சத்தோர்கூடச் சிரித்தான்.

"போதும், எந்திரிங்கண்ணே. அவரு ஒத்துக்கிட்டாரு."

உண்மையில் அந்த ஆள் ஒத்துக்கொண்டும் இருந்தார். இவ்வளவு பாடுபடுகிறாரே மனுஷன் என்று இரக்கப்பட்டு, சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கிடாவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன பிறகுதான், அண்ணனின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பதைச் சத்தோர் கவனித்தான்.

செய்தி வந்தபோது நான் அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் இருந்தேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். நடுவில் இரண்டு வீட்டுப் பெண்களும் போய்வர ஒரு சின்னக் கதவு. நான் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பீபிசாரா அண்ணியோடு சேர்ந்து வாரத்துக்கான ரொட்டி சுடுவேன். அண்ணி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் ஆள் நின்று சொன்னதைக் கேட்டாள். கையிலிருந்த மாவை வழித்துத் தொட்டியில் போட்டாள். துணியால் மூடினாள். கையைக் கழுவினாள். தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு, "தந்தூர் அணைஞ்சுடாம பாத்துக்கோ ஸெபி, மாவு பொங்கி வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு ரொட்டி முழுவதையும் நான்தான் சுட்டேன்.

இவளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று அப்போது நினைத்தேன். அவள் அப்படித்தான் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். எதற்கும் கலங்கிப் பார்த்ததில்லை. மகள் ஒய்தினைக் கல்யாணம் செய்து ஸரஃப்ஷானுக்கு அனுப்பியபோது தெருவே அழுதது. அண்ணி விருந்துப் பாத்திரங்களை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது வலது கையும் காலும் அவருடையவை இல்லை என்பதுபோலத் தொங்கின. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊன்றியது. கை அப்படியே இருந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. போகாமல் மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம். வியாபாரம் படிந்ததும் தரகர்கள் வாழ்த்தாகச் சொல்கிற வாக்கியம்: "பரக்கத் கிடைக்கட்டும்!"

ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகியதால் அது மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டதாம். பசித்தால் "பரக்கத் கிடைக்கட்டும்". தேநீர் சூடாக இருந்தால் "பரக்கத் கிடைக்கட்டும்!" என்று கத்தல். படுக்கை நனைந்துவிட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு மெதுவாக அதையே சொல்வார். பக்கத்துத் தெருவில் ஒரு மவுத்துக்குப் பாத்திஹா ஓத அவரையும் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார்கள். இறந்தவரின் மகன் வந்து கைகொடுத்தபோது அண்ணன் கண்ணீரோடு அவனுடைய கையைக் குலுக்கி, "பரக்கத் கிடைக்கட்டும்" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் தாடியைத் தடவுவதுபோல வாயை மூடிக்கொண்டார்கள்.

"இனிமே சாவு வீட்டுக்கு அனுப்பாதீங்க, அண்ணி" என்றான் சத்தோர்.

"கல்யாண வீட்டுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டாள் அண்ணி. கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மருந்துகள் முடிந்த பிறகு மறுபடி டாக்டரிடம் காட்ட நானும் துணைக்குப் போனேன். சின்ன வயசு டாக்டர், சமர்கந்தில் படித்துவிட்டு வந்தவர். அண்ணனின் வலது உள்ளங்கையில் ஊசியால் குத்திப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். பிறகு முகத்துக்கு நேரே குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல உரக்கக் கேட்டார்.

"ஐயா, உங்க ஓட் என்ன?"

எங்கள் மொழியில் பெயருக்கும் ஓட் என்போம், குதிரைக்கும் ஓட் என்போம். அண்ணனின் நெற்றி சுருங்கியது. உதடு கோணிக்கொண்டு திறந்தது, மூடியது. பிறகு முதல் தடவையாக வேறொரு சொல் வந்தது.

"தோரிக்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "பேரு எஷ்கோபில்னுதானே போட்டிருக்கு?"

"பேரு எஷ்கோபில்தான். தோரிக்னா குதிரை நிறம். உடம்பு செம்பழுப்பா, பிடரி கறுப்பா இருக்கும்ல, அது" என்றேன்.

"அப்ப கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம பேசறார்" என்று டாக்டர் எழுதப் போனார்.

சுவரோரம் நின்ற அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சம்பந்தம் இருக்குங்க. நீங்க பேரக் கேட்டீங்க. அவருக்குக் குதிரையக் கேட்ட மாதிரி இருந்திருக்கு. எங்களுக்குக் கல்யாணம் ஆனப்ப அவர்கிட்ட ஒரு தோரிக் குதிரை இருந்துச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். இப்படிப்பட்டவர்களுக்கு எது ரொம்பப் பழக்கமோ அந்தச் சொற்கள் சிலசமயம் முதலில் திரும்பும், அதிலிருந்து தொடங்கிப் பாருங்கள், தினமும் சொல்லிக்கொடுங்கள் என்றார். "மாடு, ஆடு, குதிரைன்னே ஆரம்பிங்க. அப்புறம் வீட்டு ஆளுங்க பேரெல்லாம் தானா வரும்."

வரும் வழியில் அண்ணி என்னிடம், "உங்க பள்ளிக்கூடத்துல மிருகப் படமெல்லாம் வச்சிருக்கீங்கல்ல?" என்று கேட்டாள்.

நான் படஅட்டைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று வயசுப் பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டுகிறது. எப்படிக் கற்றுக்கொடுப்பது என்றும் சொன்னேன்: ஒரு படத்தைக் காட்டணும், பெயரை ரெண்டு தடவை நிதானமா சொல்லணும், அப்புறம் அவங்களைச் சொல்ல வைக்கணும், தப்பா சொன்னா திட்டக் கூடாது, சரியா சொன்னா பாராட்டணும்.

"பாராட்டணுமா?"

"ஆமா அண்ணி. கை தட்டுங்க, சபாஷ்னு சொல்லுங்க."

"அது நமக்கு வராது" என்றாள்.

படங்கள் உதவவில்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும் அண்ணன் "இட்" என்றார். இட் என்றால் நாய். பசுவும் இட், சேவலும் இட், ஒட்டகமும் இட். ஒட்டகச்சிவிங்கிப் படத்தைப் பார்த்தபோது மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டுப் படத்தைத் திருப்பிப் போட்டார். இப்படி ஒரு உருப்படியை யார் வாங்குவான் என்பதுபோல இருந்தது அவர் முகம். பென்குவினைக் காட்டியதும் கோபம் வந்து, "பரக்கத் கிடைக்கட்டும்!" என்று அட்டைகளை இடது கையால் தட்டிவிட்டார்.

அண்ணி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் மந்தை திரும்புகிற நேரத்தில் வாசலுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தாள். பக்கத்தில் தானும் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் தெரு மாடுகளும் ஆடுகளும் மேய்ச்சலிலிருந்து அந்த வழியாகத்தான் வீடு திரும்பும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவை வரும்போது அண்ணி கையை நீட்டுவாள்.

"சிகிர். பசு. சொல்லுங்க."

"இட்."

"சிகிர்."

"இட்."

"சிகிர்."

அவள் குரலில் கோபமும் இருக்காது, ஆசையும் இருக்காது. கிணற்றில் வாளி இறக்குவதுபோலச் சொல்லிக்கொண்டே இருப்பாள். தெருவுக்கு அது பெரிய வேடிக்கை. கடைசி வீட்டு ஹதீச்சா ஒருநாள் தன் கிடாவை ஓட்டிக்கொண்டு போகும்போது நின்றாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"என்ன பீபிசாரா, புருஷனுக்கு மாடு காட்டறியா? ஊருக்கே மாடு காட்டினவராச்சே அவரு!"

"ஆமா. இப்ப மறந்துட்டாரு."

"எங்க, என் கிடாவுக்கு என்ன பேருன்னு சொல்லச் சொல்லு பாப்போம்."

அண்ணன் கிடாவைப் பார்த்தார். "இட்" என்றார்.

"ஐயையோ, குர்பானிப் பலிக்கு விக்கலாம்னு வளக்கறேன். நாயின்னுட்டாரே! இதை எவன் வாங்குவான் இனிமே?" என்று ஹதீச்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் அவள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் பாதி வாயால் சிரித்தார். அண்ணி கிடாவைக் காட்டி, "கோச்கோர். செம்மறிக் கிடா. சொல்லுங்க" என்றாள்.

எந்த நாளில் திரும்பியது என்று எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டுப் பசுதான் முதல். பள்ளி விட்டு வந்து அதைத் தொழுவத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணனின் குரல் கேட்டது: "சிகிர்." நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அண்ணன் எங்கள் பசு நின்ற திசையில் கையை நீட்டியபடி நாற்காலியிலிருந்து எழ முயன்றுகொண்டிருந்தார்.

"சொல்லிட்டாரு அண்ணி!" என்று நான் கத்தினேன்.

"சொன்னாரு, கேட்டேன்" என்றாள் அண்ணி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மதகு திறந்த மாதிரிதான். பசு, ஆடு, கழுதை, சேவல் என்று பொதுப் பெயர்கள் வந்தன. பிறகு எங்களுக்கே சட்டென்று வாயில் வராத பெயர்கள். நாங்கள் செம்மறி என்று பொதுவாகச் சொல்வதை அவர் அப்படிச் சொல்ல மாட்டார். பால் குடிக்கிற குட்டிக்கு ஒரு பெயர், ஒரு வருஷம் ஆனதற்குத் தோக்லி, இரண்டு வருஷமான பெட்டைக்கு வேறு, ஈன்றதற்கு வேறு. மாட்டிலும் அப்படித்தான். இளங்கன்று, கிடேரி, முதல் சினை பிடித்தது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர். தெருவில் மந்தை போகப் போக, ஒவ்வொன்றையும் பார்த்து மழலைபோல, உதட்டைக் கோணிக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவார். தப்பு செய்வதே இல்லை. ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் இன்னமும் "பரக்கத் கிடைக்கட்டும்"தான். ரொட்டி, தேநீர், தலையணை, கால், எதற்கும் சொல் வரவில்லை. ஆள் பெயர் ஒன்றுகூட வரவில்லை. சத்தோர் வந்து நெஞ்சைத் தொட்டு, "நான் யாரு? சொல்லுங்கண்ணே, நான் யாரு?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவான்.

கோடையில் ஒய்தின் வந்தாள். தகப்பன்மேல் உயிரையே வைத்திருந்தவள். வந்ததும் அவர் காலடியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"அப்பா, என்னைப் பாருங்க. நான் யாரு?"

அண்ணன் உற்றுப் பார்த்தார். கண் கலங்கியது. வாய் வெகுநேரம் திண்டாடியது.

"தோக்லி" என்றார்.

ஒய்தின் சிரித்தாள், உடனே அழுதாள். "என்னை ஆட்டுக்குட்டின்னுட்டாரும்மா!"

"ஒரு வயசுப் பெட்டைன்றாரு. வாஞ்சையாத்தான் சொல்றாரு" என்றாள் அண்ணி. மேஜையில் ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் மகளுக்கு ஆசை வளர்ந்தது. அண்ணியின் தோளைப் பிடித்துத் திருப்பி அவருக்கு முன்னால் நிறுத்தினாள். "அப்பா, இது யாரு? அம்மா யாரு சொல்லுங்க."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, திறந்திருந்த வாசலைப் பார்த்தார். பிறகு தெளிவாக, ஒரு எழுத்துக்கூடக் குழறாமல் சொன்னார்:

"கிசிர்."

கிசிர் என்றால் அந்த வருஷம் சினை பிடிக்காமல் நிற்கிற பசு. ஒய்தினின் கை தாயின் தோளிலிருந்து நழுவியது. நான் தரையைப் பார்த்தேன்.

"வாசல்ல ஹதீச்சாவோட மாடு போகுது" என்றாள் அண்ணி. "அது இந்த வருஷம் சினை பிடிக்கலை. அதைச் சொல்றாரு." மாடு போய்க்கொண்டிருந்தது என்பது உண்மைதான். அண்ணி தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நிரப்பிக்கொண்டு வந்து எங்களுக்கு ஊற்றினாள்.

இரண்டு நாள் கழித்து, ஒய்தின் ஊருக்குத் திரும்பிய பிறகு, நாங்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது அண்ணியாகவே சொன்னாள். ஒய்தினுக்கு முன்னால் அவளுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, இரண்டும் வருஷம் திரும்பாமல் போய்விட்டன. அது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இது: இரண்டாவது போன பிறகு சில வருஷம் வயிறு திறக்கவில்லை. ஒருநாள் ஷக்ரிசப்ஸிலிருந்து வியாபாரிகள் விருந்துக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகள் எத்தனை என்று அவர்கள் கேட்க, அண்ணன், "நம்ம கொட்டில்ல ஒரு கிசிர்தான் நிக்குது, தீனிதான் தண்டம்" என்றார். விருந்தாளிகள் சிரித்தார்கள். அண்ணி புலாவ் தட்டோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"என்ன பண்ணீங்க அண்ணி?"

"தட்டைக் கொண்டுபோய் வச்சேன். ஆறிடும்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அடுப்படிக்கு வந்து நானும் சாப்பிட்டேன். அன்னைலேர்ந்து எனக்குள்ள ஏதோ ஒண்ணு நின்னுபோச்சு ஸெபி. கடிகாரம் நிக்கிற மாதிரின்னு வச்சுக்கோயேன். வேலையெல்லாம் நடக்குது, பிள்ளை பொறந்தா, வளந்தா, எல்லாம் நடந்துச்சு."

நான் ரொட்டியைத் தந்தூரின் உட்சுவரில் அறைந்து ஒட்டினேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன். "அன்னைக்கு மறுபடி அந்த வார்த்தையைச் சொன்னாரே. வலிச்சுதா?"

அண்ணி யோசித்தாள். பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக யோசித்தாள் என்று நினைக்கிறேன்.

"அவரு கையில டாக்டர் ஊசியால குத்தினாரே, பாத்தியா? அப்படித்தான். குத்தறாங்கன்னு தெரியுது. அவ்வளவுதான்."

"அப்படிப்பட்ட மனுஷனுக்குப் போயி தினம் உக்காந்து சொல்லிக்கொடுக்கறீங்களே."

"வேற என்ன பண்றது? சாயங்காலம் சும்மா உக்காந்திருந்தா பொழுது போக மாட்டேங்குது."

இலையுதிர்காலத்தில் சத்தோர் ஒரு யோசனையோடு வந்தான். அண்ணனைச் சந்தைக்கு ஒருதடவை கூட்டிப்போக வேண்டும். "மிருகத்தோட பேரெல்லாம் வந்துருச்சு. சந்தையைப் பாத்தா மத்ததும் வந்துரும், அண்ணி. வாசனை பட்டாப் போதும்." அவர் சிறுநீர் கழிக்க ஒத்தாசை வேண்டும் என்பதால் அண்ணியும் போக வேண்டியதாயிற்று. மாட்டுச் சந்தைக்குப் பெண்கள் அதிகம் போவதில்லை. இத்தனை வருஷத்தில் அண்ணி அங்கே கால் வைத்தது அன்றைக்குத்தான். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள்.

லாரிகளுக்கும் ஆட்டு வரிசைக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு அண்ணனை உட்காரவைத்தார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். தரகர்கள் ஆளாளுக்கு ஒரு மிருகத்தை இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினார்கள்.

"அண்ணே, இது?"

அண்ணன் சொல்வார். கூட்டம் ஆரவாரம் செய்யும்.

"இதோ இது?"

சொல்வார். மறுபடி ஆரவாரம். பள்ளியில் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் கை தட்டுவது எனக்கு ஞாபகம் வந்தது. யாரோ ஒருத்தன் சத்தோரை இழுத்து வந்து, "இது என்ன உருப்படின்னு சொல்லுங்க" என்றான். அண்ணன் சத்தோரை மேலும் கீழும் பார்த்து, "எஷக்" என்றார். கழுதை. சந்தையே அதிர்ந்தது. சத்தோரும் சிரித்தான். ஆனால் அவன் கண் கூட்டத்தில் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு கிழவர் மெலிந்த ஒரு தாயாட்டைக் கொண்டுவந்தார். அதற்கு ஒரு கண் இல்லை. அண்ணன் அதற்குப் பெயர் சொல்லவில்லை. இடது கையால் அதன் முகத்தைத் தன் பக்கம் இழுத்து, காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார். உதட்டால் சின்னதாக ஒரு சத்தம் செய்தார். குழந்தையைத் தூங்கவைக்கும்போது செய்கிற சத்தம். "ஜானிவோர்" என்றார். வாயில்லாச் செல்லமே என்று சொல்வதுபோல. ஆடு அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அவரோடு குடித்தனம் நடத்தியவள் அந்தச் சொல்லையும் அந்தச் சத்தத்தையும் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவள் கையில் சத்தோர் வாங்கிக்கொடுத்த சம்சா இருந்தது. எண்ணெய் மணிக்கட்டுவரை வழிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சம்சாவைத் தின்று முடித்தாள்.

திரும்புவதற்கு முன்னால் சத்தோர் ஒரு பேரத்தை அண்ணன் முன்னால் நடத்தினான். வேண்டுமென்றே செய்தான். விற்கிறவன் கையைத் தான் பிடித்துக்கொண்டு, அண்ணனின் செத்த வலது கையைத் தூக்கி வாங்குகிறவன் கையில் வைத்தான். "குலுக்குங்கண்ணே!" அந்தக் கை மீன் மாதிரி வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தான். மறுபடி விழுந்தது. வாங்க வந்தவர் தர்மசங்கடத்தோடு, "சரி சரி, எடுத்துக்கறேன்" என்றார். அண்ணன், "பரக்கத் கிடைக்கட்டும்" என்றார். அன்றைக்கு அந்த வாக்கியம் அதற்குரிய இடத்தில் வந்தது. ஆனால் அவர் அதைத் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் எதற்கும் பெயர் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். அண்ணி வழக்கம்போல வாசலில் நாற்காலி போட்டாள். "சிகிர்" என்பாள். அவர் தலையை ஆட்டுவார், தெரியும் என்பதுபோல. குளிர் வந்ததும் நாற்காலி உள்ளே போனது. மந்தையும் வெளியே வருவதை நிறுத்தியது. ஆடுகள் குட்டி போடத் தொடங்கிய மாதத்தில் ஒரு காலையில், அண்ணி தேநீர் கொண்டுபோனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

மரண வீட்டில் எங்கள் பெண்கள் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு உரத்த குரலில் புலம்ப வேண்டும். மனைவிதான் தொடங்க வேண்டும். ஒய்தின் வந்து தரையில் விழுந்து, "என்னைப் பெத்த ராசா" என்று அலறியதில் எல்லோரும் கரைந்தார்கள். அண்ணி துக்கத்துக்கான நீல அங்கி போட்டுக்கொண்டு, இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். வாய் திறக்கவில்லை. ஹதீச்சா அவள் விலாவில் இடித்தாள்.

"அழுடீ. ஊரே பாக்குது."

அண்ணி முயன்றாள். நான் பக்கத்தில் இருந்ததால் சொல்கிறேன், உண்மையாகவே முயன்றாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணில் ஒன்றும் வரவில்லை. அந்தச் சத்தத்தையே விட்டு விட்டு, ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போகிறவரை செய்தாள். பிறகு நிறுத்திவிட்டு, வந்தவர்களுக்கு ரொட்டி போதுமா என்று என்னிடம் கேட்டாள்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் ஒய்தின் பிடிவாதம் பிடித்தாள். இனிமேல் இங்கே தனியாக இருக்கக் கூடாது என்றாள். அண்ணி மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. இருந்த இரண்டு ஆட்டைச் சத்தோரிடம் ஒப்படைத்தாள். வீட்டைப் பூட்டினாள். நடுச்சுவர்க் கதவுக்கு அவள் பக்கம் தாழ் போட்டுவிட்டுத் தெரு வழியாக வந்து, "வரேன் ஸெபி" என்றாள். கார் தெரு முனை திரும்புகிறவரை நான் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வருஷம் ஸரஃப்ஷானில் ஒரு பயிற்சி வகுப்புக்கு எங்களை அனுப்பினார்கள். வகுப்பு முடிந்ததும் விலாசம் தேடிப் போனேன். பாலைவனத்துக்கு நடுவில் வரிசை வரிசையாக மாடிக் கட்டடங்கள். நாலாவது மாடியில் வீடு. ஒய்தின் வேலைக்குப் போயிருந்தாள். அண்ணி கதவைத் திறந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். தேநீர் போட்டாள். ஊர் விஷயங்களைக் கேட்டாள். ஹதீச்சாவின் மாடு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ரெண்டு கன்று போட்டுவிட்டது என்றேன். நல்லது என்றாள்.

"இங்க எப்படி இருக்கு அண்ணி?"

"நல்லா இருக்கு. குழாயைத் திறந்தா வெந்நீர் வருது. எப்பத் திறந்தாலும் வருது."

"ஊர் ஞாபகம் வருதா?"

"வருது. வந்துட்டுப் போயிடுது."

அண்ணனைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"அவரும்தான்" என்றாள்.

பிறகு ரொட்டியை எடுத்து வைத்தாள். கடையில் வாங்கியது. தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கியது.

"சாப்பிடு, மோசமில்ல" என்றாள். "எனக்குப் பழகிருச்சு."